சிவப்பு விழுந்த ஸ்கூட்டி

செல்வராஜ் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்குவதானாலும் சரி, பக்கத்து பிளாக்குக்குக் குடி மாறுவதானாலும் சரி, செல்லாண்டியம்மனைக் கேட்காமல் ஒரு காரியம் நடக்காது. கேட்பது என்றால் கைகூப்பிக் கேட்பதல்ல. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, குலுக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் அவருடைய அப்பாவும் பாட்டனும் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டதை, அவர் டில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் சமையலறை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார். பூவுக்கும் பஞ்சமில்லை. டில்லிக்காரன் அரளிக்கு கனேர் என்று பெயர் வைத்து, ரோட்டுக்கு நடுவில் மைல் கணக்கில் நட்டு வைத்திருக்கிறான்.

இதில் தங்கத்துக்குப் பெரிய நம்பிக்கையும் கிடையாது, பெரிய எதிர்ப்பும் கிடையாது. புகுந்த வீட்டில் குழம்புக்கு எவ்வளவு புளி கரைப்பார்கள் என்று தெரிந்துகொள்வது மாதிரி, இதையும் தெரிந்துகொண்டு இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அக்டோபர் மாதம்தான் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. வந்ததும் சாதாரணக் கோபமாக வரவில்லை.

விஷயம் ஒரு ஸ்கூட்டி. மகள் கவிப்ரியாவுக்கு ஜூனில் பதினெட்டு முடிந்தது. ஜூலையில் தௌலா குவான் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிஸிக்ஸ் ஆனர்ஸ் கிடைத்தது. அந்தப் பெண் சும்மா இருக்கிற ரகம் இல்லை. சிநேகிதி ரீமாவின் ஸ்கூட்டியை வாங்கி, காலனி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகி, வரிசையில் நின்று, ஓட்டிக் காட்டி, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குச் செல்வராஜைப் பார்த்திருக்க வேண்டும். மகளுடைய லைசென்ஸை ஆபீசுக்கு எடுத்துப் போய், தன் செக்ஷனில் மட்டுமல்ல, பக்கத்து செக்ஷனிலும் காட்டிவிட்டு வந்தார். வீட்டில் ஏற்கெனவே அவருடைய பழைய சேத்தக் ஸ்கூட்டர் இருந்தது. அதோடு பெண்ணுக்கும் ஒரு வண்டி, தீபாவளிக்குள் வாங்கிவிடலாம் என்று அவரேதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் பஸ்ஸில் அது நடந்தது. டில்லி பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு அது ஒன்றும் புதிதில்லை. தங்கமே மகள் பையில் பெரிய ஊக்கு ஒன்றைக் குத்தித்தான் அனுப்பியிருந்தாள். சாயங்காலம் லேப் முடிந்து, நிற்க இடமில்லாத பஸ்ஸில் கவிப்ரியா வந்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒருவன் கையை வைத்தான். அவள் ஊக்கை எடுத்து, கொஞ்சமும் தயங்காமல், ஆழமாகவே குத்தினாள். அவன் அலறினான், துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான், கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். பஸ்ஸில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் ஜன்னல் வழியாக ஏதோ அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, தகராறு பண்ணாதே என்று இவளைத்தான் இறக்கிவிட்டான். மோதி பாக்கிலிருந்து நடந்தே வீடு வந்து சேர்ந்தாள், துப்பட்டா இல்லாமல்.

செல்வராஜ் அன்று சாப்பிடவில்லை. இனிமேல் பஸ் வேண்டாம் என்றார். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அப்படியானால் ஸ்கூட்டியைச் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று தங்கம் சொன்னபோதுதான் அவர் முகம் சுருங்கியது. ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸிலேயே இப்படி என்றால், தனியாக ரோட்டில் போகிறவளைக் காரில் வந்து எவனாவது மறித்தால் என்ன செய்வது? லாரிக்காரன் பார்க்காமல் வந்தால்? அவராலும் கொண்டுவிட்டுக் கூட்டிவர முடியாது. ஆபீஸ் இருப்பது வேறு திசையில். தபாலில் பி.காம். படிக்கட்டுமே, பிஸிக்ஸ் படித்து என்ன ராக்கெட்டா விடப்போகிறாள் என்று முனகினார். கடைசியில், எதற்கும் வெள்ளிக்கிழமை ஆத்தாவைக் கேட்டுவிடலாம் என்று முடித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்த வீட்டில் பூசாரி முதலில் முடிவு பண்ணிவிட்டு அப்புறம் சாமியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாடி வீட்டு சர்தார்ஜியின் பேத்தி பிங்கியைக் கூப்பிட்டார்கள். பிங்கிக்கு நாலு வயது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் பொட்டலம் எடுத்தால் டாஃபி கிடைக்கும் என்பது நன்றாகத் தெரியும். செல்வராஜ் குளித்து, திருநீறு பூசி, பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, "ஏக் உட்டாவோ பேட்டா" என்றார். பிங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு டாஃபிக்குக் கை நீட்டினாள். பிரித்தால் சிவப்பு.

தங்கம் பூவைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தாள். தெரிந்தது நிம்மதி. வாசலுக்கு வருவான் என்று பயந்த கடன்காரன் இனி வரவே மாட்டான் என்று தெரிந்துபோன மாதிரி ஒரு நிம்மதி. அதைக் கண்டதும்தான் அவளுக்கு அந்தக் கோபம் வந்தது.

"ஆத்தா வேண்டாங்குது. இனி இதுல பேச்சில்ல கண்ணு" என்றார் மகளிடம்.

கவிப்ரியாவுக்குத் தமிழ் பாதி, டில்லி பாதி. "ப்பா, நான் தினம் லேப்ல மெஷர் பண்ணி, கால்குலேட் பண்ணி ப்ரூவ் பண்றேன். என் லைஃப ஒரு ஃப்ளவர் டிசைட் பண்ணுமா?" என்று கேட்டாள். அது பூ இல்லை, தெய்வம் என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தீபாவளி லீவுவரை ஆட்டோவில் போய்வரட்டும், அதோடு கல்லூரிக்கு முழுக்கு என்பது அவர் கணக்கு.

அன்று பகல் முழுவதும் தங்கத்துக்கு வேலை ஓடவில்லை. வெண்டைக்காயை நறுக்கி வைத்துவிட்டு வெங்காயத்தைத் தேடினாள். அவளுக்கு மகளைப் பற்றிய நினைப்பு பாதிதான். மீதிப் பாதி அவளைப் பற்றியது. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எண்பத்தைந்தில், இதே காலனியில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிற தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஓர் இடம் காலியானது. வரச் சொல்லிவிட்டார்கள். புடவை கூட எடுத்து வைத்துவிட்டாள். செல்வராஜ் பூப் போட்டார். சிவப்பு விழுந்தது. போகவில்லை. அழுதாளா என்றால், அழவும் இல்லை. சாமி சொன்னதற்கு எதிராக அழக்கூடாது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்து மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் சோறு வடித்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் செல்வராஜுக்குச் சேத்தக் ஒதுக்கீட்டில் வந்தது. அதற்கும் பூப் போட்டார். அதற்கும் சிவப்புதான் விழுந்தது. நறுக்கிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நிற்க, தங்கத்துக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. குழந்தை தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டது என்று அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. பூ வாடிப்போயிருந்தது என்றார். மூன்றாவது வெள்ளிக்கிழமை வெள்ளை விழுந்தது. ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டது என்று தேங்காய் உடைத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நியாயம் இவ்வளவு நாள் தன் வீட்டு அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது அவளுக்குப் புரிந்தது. அவளுடைய வேலைக்கு மட்டும் ஏன் இன்னொரு வெள்ளிக்கிழமை வரவில்லை? கேட்கலாம் என்று அவளுக்கே தோன்றவில்லையே! அதுதான் அவளை அதிகம் எரித்தது.

சாயங்காலம் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். "ஏனுங்க, உங்க வண்டிக்கு ஆத்தாவ மூணு வாட்டி கேட்டீங்க. புள்ளை வண்டிக்கு ஒரு வாட்டிதானா?" என்றாள்.

செல்வராஜுக்குப் புரையேறியது. அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று தங்கம் கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பொய் சொல்ல வந்தால் காது சிவந்துவிடும். சரி, அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் போட்டுப் பார்ப்போம், ஆனால் பொட்டலம் நான்தான் கட்டுவேன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பூப் பறிக்கத் தங்கம்தான் போனாள். காலனி முனையில் வெள்ளையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருந்தன. பறித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கட்டி வைத்துவிட்டுப் பிங்கியைக் கூப்பிட வாசலுக்குப் போவார். அந்தச் சமயத்தில் சிவப்பை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளையைச் சுருட்டி வைத்தால் போதும். பிங்கி எதை எடுத்தாலும் வெள்ளை. ஊரில் பல பெண்கள் இதைச் செய்து மகள்களுக்குப் பிடித்த மாப்பிள்ளையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வெள்ளைப் பூவை முந்தானையில் முடிந்தும் கொண்டாள்.

பாதி வழியில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சாமிக்குப் பயந்து அல்ல. பெற்ற பெண் காலேஜுக்குப் போவதற்குத் தன் வீட்டிலேயே தான் திருட வேண்டுமா என்று இருந்தது. இன்றைக்கு வெள்ளையைத் திருடிக் கொடுத்தால், நாளைக்கு இந்தப் பெண் வேலைக்குப் போக ஒரு பூ, ஊர் மாற ஒரு பூ, கல்யாணத்துக்கு ஒரு பூ என்று ஆயுசு முழுக்கத் திருட வேண்டும். முடிச்சை அவிழ்த்து இரண்டையும் பிளாட்பாரத்திலேயே போட்டுவிட்டு வந்தாள்.

செல்வராஜ் பொட்டலம் கட்டினார். குலுக்கினார். அம்மன் படத்துக்கு முன்னால் போட்டார். கவிப்ரியா கதவில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிங்கி கை நீட்டினாள். தங்கம் அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்து நிறுத்தி, டாஃபியை முதலிலேயே அதில் வைத்தாள். பிறகு குனிந்து இரண்டு பொட்டலத்தையும் தானே எடுத்து, இரண்டையும் பிரித்து, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து அம்மன் காலடியில் வைத்தாள்.

"கேக்கறதுக்கு வரல ஆத்தா. சொல்றதுக்கு வந்தேன். நாளைக்கு வண்டி வாங்கறேன். புள்ளை ஓட்டுவா. நீ கூடப் போ."

செல்வராஜ் எழுந்திருக்கப் பார்த்து, முழங்கால் பிடித்துக்கொள்ள, மறுபடி உட்கார்ந்தார். "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நானு."

"சொல்றது சுளுவு."

"சுளுவுன்னா நீங்க ஒரு நாளாவது சொல்லியிருப்பீங்களே. எனக்குச் சிவப்பு விழுந்துச்சு, வேலைக்குப் போகல. அதுக்கு யாருங்க பொறுப்பு? ஆத்தாளா? பூவா? இல்ல, நீங்களா?"

அவர் பிரித்துப் போட்ட காகிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் அதுவரை யாருமே இருந்ததில்லை. பிங்கி டாஃபித் தாளைப் பிரிக்க முடியாமல் கவிப்ரியாவிடம் நீட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அன்றைக்கே தன்தேரஸும் வந்தது. டில்லியே திரண்டு வந்து ஒரு கரண்டியாவது, ஒரு காராவது வாங்குகிற நாள் அது. வண்டிக் கடையில் கல்யாணக் கூட்டம். பிளாக் பெண்கள் சேர்ந்து போடும் கமிட்டிச் சீட்டில் எடுத்த பணமும், போதாததற்கு விற்ற ஒரு ஜோடி வளையலுமாகத் தங்கம் மகளோடு அந்தக் கூட்டத்தில் புகுந்தாள். எல்லா வண்டியும் முன்பதிவாகிவிட்டது, யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒன்றுதான் இருக்கிறது என்றான் கடைக்காரன். காட்டினான். பளபளவென்று மிளகாய்ப் பழச் சிவப்பு. வேறு நிறம் வேண்டுமென்றால் ஒரு மாதம் ஆகும் என்றான்.

கவிப்ரியா அம்மாவைப் பார்த்தாள். தங்கம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "யஹி தே தோ பையா" என்று அதையே கேட்டாள்.

வீட்டு வாசலில் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது தங்கம். ஏற்றி நசுக்கியது கவிப்ரியா. மாடி வீட்டு சர்தார்ஜி குடும்பத்தோடு இறங்கி வந்து வாழ்த்தினார். செல்வராஜ் இறங்கி வரவில்லை. ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்தார். நிறத்தைக் கண்டதும் திரையை இழுத்து விட்டுக்கொண்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் அதிரசம் இருந்தது, பட்டாசு இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் கூட மகளிடம் சொல்லித்தான் வாங்கினார். தங்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. குழம்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

லீவு முடிந்து கவிப்ரியா வண்டியில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் முனை திரும்பும்வரை தங்கம் வாசலில் நிற்பாள். உள்ளே வந்து வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கிறவரை அவள் காது தெருவில்தான் கிடக்கும். பொறுப்பு நான் என்று சொன்னதன் கனம் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பயந்தாள். பயந்துகொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் அந்தச் சத்தம் நேரம் கழித்து வந்தது. தங்கம் ஓடி வந்து பார்த்தபோது ஸ்கூட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. கவிப்ரியாவின் சல்வார் முட்டியில் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. மோதி பாக்குக்கு முன்னால் ஒரு பஸ் திடீரென்று ஓரம் கட்ட, இவள் ஒதுங்க, ஓரத்தில் கொட்டியிருந்த மணலில் சக்கரம் சறுக்கிவிட்டது. முழங்கையும் முட்டியும் சிராய்த்ததோடு போயிற்று. யாரோ இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

செல்வராஜ் ஆபீசிலிருந்து வந்து மகளைப் பார்த்தார். டெட்டாலும் பஞ்சும் எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, அவள் முட்டியைத் தானே துடைத்தார். டெட்டால் பாதி தரையில் கொட்டியது. கட்டுப் போட்டு முடித்ததும் எழுந்து, மேஜை மேல் கிடந்த ஸ்கூட்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா அன்னைக்கே சொல்லுச்சு" என்றார். அந்த வீட்டில் பல நாள் கழித்து அவர் தங்கத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

தங்கத்தை அது கூட அடிக்கவில்லை. மகள் சொன்னதுதான் அடித்தது. கவிப்ரியா அழுதுகொண்டே, "விடும்மா. பப்ளிக்கா ரோட்டுல விழுந்துட்டேன். எனக்கு வண்டி வேண்டாம், காலேஜும் வேண்டாம். கரஸ்பாண்டன்ஸே பண்ணிக்கறேன்" என்றாள். பஸ்ஸில் ஊக்கால் குத்திவிட்டு நடந்தே வந்த பெண் அவள். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

சரி, இதோடு விட்டுவிடலாமா என்று தங்கத்துக்கும் ஒரு கணம் தோன்றியது. அந்த முட்டியைப் பார்த்த எந்தத் தாய்க்குத் தோன்றாது? லாரிக்கு அடியில் போயிருந்தால் என்ற நினைப்பும் வந்தது. ஆனால் இன்றைக்கு இந்தப் பெண் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவளை விட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? அவளும் ஒரு நாள்தான் உட்கார்ந்தாள். அது பதின்மூன்று வருஷமாயிற்று.

புருஷனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. நான் பொறுப்புன்னு சொன்னனல்ல? இப்பத்தான் அந்தச் சொல்லுக்கு வேலை வந்திருக்குது."

அவர் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சின்னப் பையன் மாதிரி இருந்தது பார்க்க. "தங்கம், பூவ விடு. எனக்கே பயமா இருக்குது. ஒத்தப் புள்ளை. பெத்த பாசம் உனக்கு மட்டுந்தானா?"

அதைக் கேட்டதும் தங்கத்துக்குக் கோபத்தோடு கோபமாக அழுகையும் வந்தது. இருபது வருஷத்தில் அந்த மனிதர் பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதே இல்லை. "பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. நானும் சொல்றேன், எனக்கும் பயமாத்தான் இருக்குது. அத எதுக்கு ஆத்தா தலையில போடறீங்க? எனக்குப் போட்ட பூவும் இந்தப் பயந்தானா? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்க பயத்துக்குச் சமாதானம் சொல்லிட்டு வேலைக்குப் போயிருப்பனே. சாமிக்கு எப்படிச் சமாதானம் சொல்றது?"

அவர் சாவியைக் கொடுக்கவில்லை. ஆனால் அன்று படுக்கப் போகும்போது சட்டையைக் கழற்றி, வழக்கமாகப் பீரோவுக்குள் மாட்டுகிறவர், சமையலறைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். தங்கம் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

காலையில் கவிப்ரியா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கால் வலிக்கிறது என்றாள். வலிக்கத்தான் செய்யும், எழுந்திரு என்றாள் தங்கம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போடட்டுமா என்று கேட்டாள். இன்றைக்குத் தவிர எந்த நாள் வேண்டுமானாலும் போடு என்றாள் தங்கம். இட்லியை ஊட்டாத குறையாகத் தின்ன வைத்து, கட்டை மாற்றி, ஹெல்மெட்டை மகள் தலையில் தானே கவிழ்த்து, கீழே அழைத்து வந்தாள். தன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயுமாம்மா? திரும்பி எப்படி வருவே?"

"பஸ்ஸுல வருவேன். ஊக்கு இருக்குது. எடு."

"அம்மா, கை நடுங்குது."

"எனக்கு உடம்பே நடுங்குது. ஓட்டு கண்ணு."

வண்டி கிளம்பியது. காலனி வாசலில் ஒருமுறை தடுமாறி, நிமிர்ந்து, ரிங் ரோட்டில் ஏறியது. பஸ்ஸும் காரும் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் கவிப்ரியாவின் முதுகு விறைத்தது. அந்த முதுகில் தங்கம் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். நேற்று விழுந்த இடம் வந்தது. ரோட்டின் இந்தப் பக்கமும் அதே மணல் கொட்டிக் கிடந்தது. கவிப்ரியா வேகத்தைக் குறைத்து, அதைச் சுற்றி, தாண்டினாள். தாண்டியதும் அவள் விட்ட பெருமூச்சு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தங்கத்துக்கே கேட்டது. தங்கத்துக்கு, எத்தனையோ வருஷம் கழித்து, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

சிக்னலில் நின்றபோது கவிப்ரியா மிச்சமிருந்த ஒரு கண்ணாடியில் எதையோ உற்றுப் பார்த்தாள். ஆபீசுக்குப் போகிற வழியே இல்லாத அந்த ரோட்டில், நாலு வண்டி தள்ளி, ஒரு பழைய சேத்தக் இருமிக்கொண்டு நின்றது.

"அம்மா, அப்பா பின்னாடியே வர்றாங்க."

தங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரட்டும். நீ இன்னும் கொஞ்சம் வேகமாப் போ."